மூன்று நாள், இரண்டு இரவு, 70 வெள்ளி: புதுமுக மாணவர் முகாமுக்குப் போகத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி:
மகளுக்கு ஆகஸ்டில் சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் தொடங்குகிறது. ஜூலையில் ஒரு வார இறுதியில் புதுமுக மாணவர்களுக்கு வரவேற்பு முகாம் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை முதல் ஞாயிறு மதியம் வரை, இரண்டு இரவு அங்கேயே தங்கல், கட்டணம் 70 சிங்கப்பூர் வெள்ளி. கட்டாயமில்லையாம். மகள் முடிவெடுக்க முடியாமல் முழிக்கிறாள். அவள் அப்பா இரவுத் தங்கல் வேண்டவே வேண்டாம் என்கிறார். போனவர்கள் யாராவது சொல்லுங்கள், போகாவிட்டால் நட்பு கிடைக்காமல் போகுமா?

ஒரு வாசகியின் பதில்கள்:

3 ஜூன் 2024, இரவு 10.40

வேண்டாம் அக்கா. அந்த 70 வெள்ளிக்குக் குடும்பத்தோடு தேக்காவில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

நான் 2013இல் போனேன். எந்தப் பல்கலை என்று கேட்காதீர்கள், இந்தத் தீவில் எல்லா இடத்திலும் முகாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. காலை எட்டரைக்குப் போய் நின்றால் கழுத்தில் பெயர் அட்டை, கையில் ஒரு சட்டை, பத்துப் பதினைந்து பேராகப் பிரித்து ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கத்தல் பாட்டு. அதைத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். குரல் குறைந்தால் மறுபடி முதலிலிருந்து.

முதல் விளையாட்டு வாக்கோ. ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும், நடுவில் ஒருவர் சுருட்டிய நாளிதழோடு நிற்பார். யாருடைய பெயரையாவது கூப்பிட்டால் நடுவில் இருப்பவர் ஓடிப்போய் அந்த ஆளை அடிப்பார். அடி விழுவதற்குள் அந்த ஆள் வேறொரு பெயரைக் கூப்பிட்டுவிட வேண்டும். வீட்டிலிருந்து பழைய நாளிதழ் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், எங்கள் வீட்டில் தமிழ் முரசுதான் உண்டு, அதைக் கொண்டுபோனேன். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸைச் சுருட்டினால் உலக்கை மாதிரி இருக்கும். முரசைச் சுருட்டினால் அகப்பைக் காம்புதான். அதனால் எல்லாரும் முரசால் அடிபடவே விரும்பினார்கள், தமிழுக்கு அன்று கிடைத்த ஒரே மரியாதை அது.

என் பெயரில் ழ இருக்கிறது. அரைமணி நேரம் ஆடினோம், ஒருவர்கூட என் பெயரைக் கூப்பிடவில்லை. அடி விழுவதற்குள் வாயில் வரும் பெயரைத்தானே கூப்பிடுவார்கள், ழ யாருக்கு வரும்? ஒரு அடியும் வாங்காமல் முடித்தேன். வென்றுவிட்டாய் என்று கைதட்டினார்கள்.

சாப்பாட்டுக்குச் சைவம் என்று படிவத்தில் குறித்திருந்தேன். முதல் நாள் மதியம் வந்தது. இரவு பீஹூன் என்கிற அரிசிச் சேமியா வந்தது, மேலே முட்டைக்கோஸ், கிளறினால் இறால். சாயங்காலத்துக்குள் குழுப் பேச்சு மாண்டரினுக்குப் போய்விட்டது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, பதினான்கு பேரில் பதினோரு பேர் சீனர்கள் என்றால் அப்படித்தான் ஆகும். இரவு கடைசி ரயிலைப் பிடித்து யீஷூனில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. அந்த முகாமில் இருந்தவர்களில் இன்று என்னோடு பேசுகிறவர் ஒருவரும் இல்லை. இதற்கு 70 வெள்ளியா?

4 ஜூன், காலை

ராத்திரி எழுதியதைப் படித்துப் பார்த்தேன், கொஞ்சம் காரம் கூடிவிட்டது. "ஒருவரும் இல்லை" என்பது தவறு. ஒருத்தி இருக்கிறாள்.

இரண்டாம் நாள் மதியம் வெயிலில் தண்ணீர்ப் பை எறியும் விளையாட்டு. எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சு நிறத் தண்ணீர்ப் பீப்பாய் வைத்திருந்த மேசைக்குப் பின்னால் நிழலில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், வேறு குழு, மலாய்ப் பெண். அவளுக்கும் தலைவலியாம். இரண்டு பேரும் பீப்பாயின் குழாயைத் திறந்து மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லாத விஷயங்களைப் பேசினோம். அவள் என் பெயரைக் கேட்டாள், மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள், நாலாவது தடவை ழ வந்துவிட்டது. போன ஆண்டு என் கல்யாணத்துக்கு ஹென்னா போட்டுவிட்டவள் அவள்தான்.

ஆக, முகாமுக்குப் போனதில் கிடைத்தது, முகாமில் கலந்துகொள்ளாமல் உட்கார்ந்ததால் கிடைத்தது. இதை வைத்து உங்கள் மகளுக்கு என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை.

4 ஜூன், மதியம்

திருச்சியிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். மகனுக்குச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இடம், சீனியர் பையன் ஒருவன் "ராக்"குக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறான், வீட்டில் எல்லாருக்கும் கை கால் ஆடிவிட்டதாம்.

அண்ணா, அது ராகிங் இல்லை. ஆங்கிலத்தில் வாங்கு, கொடு என்று பொருள்படும் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ராக். 1958இலிருந்து வரும் வழக்கம். மாணவர்கள் பழைய பொருள்களை வைத்து அலங்கார வண்டி செய்வார்கள், ஆடுவார்கள். கூடவே கொடி நாள் என்று ஒன்று உண்டு, கையில் உண்டியலும் ஒட்டுவில்லையுமாக ரயில் நிலைய வாசலில் நின்று அறப்பணிக்குக் காசு திரட்டுவார்கள். நீங்கள் பயந்ததில் தப்பில்லை, தமிழ்நாட்டில் 1997இல் தனிச்சட்டமே போட்டு நிறுத்த வேண்டியிருந்த விஷயம் ராகிங், அந்தக் காலத்தில் கல்லூரியில் இருந்தவர்களுக்கு ராக் என்ற சத்தமே வயிற்றைக் கலக்கும். பையனை உண்டியலோடு நிற்கவிடுங்கள். ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போவார்கள், அதைவிடப் பெரிய கொடுமை எதுவும் நடக்காது.

4 ஜூன், இரவு

ஆனால் இங்கே ஒன்றும் நடந்ததே இல்லை என்று சொன்னால் பொய். அதே பல்கலைக்கழகத்தில் 2015இல் முகாம் விளையாட்டுகள் பாலியல் சாயலோடு போகின்றன என்று நாளிதழில் வந்து பெரிய சர்ச்சையானது. நிர்வாகம் தலையிட்டு மாணவர்கள் நடத்தும் புதுமுக நிகழ்ச்சிகளை அப்படியே நிறுத்திவைத்தது.

5 ஜூன்

திருத்தம். 2015 இல்லை, 2016 ஜூலை. நான் படிப்பை முடிக்கப்போகிற சமயம் என்ற நினைவை வைத்து எழுதிவிட்டேன். தி நியூ பேப்பரில் செய்தி வந்த சில நாளில் நிறுத்தினார்கள். சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி, ஆனால் "ஆன்ட்டி" வேண்டாம், எனக்கு முப்பதுதான் ஆகிறது.

அதற்கு முன்பு போனவள் என்பதால் உங்கள் முகாமிலும் அப்படியா என்று கேட்கிறீர்கள், சொல்கிறேன். எங்கள் முகாமில் செய்தியில் வந்த அளவுக்கு எதுவும் இல்லை. ஆனால் தோற்றவர்களுக்குத் தண்டனை என்று ஒன்று வைப்பார்கள், அதில் ஒரு பையனும் பெண்ணும் ஒரே பிஸ்கட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் கடித்துக்கொண்டே வர வேண்டும் என்றார்கள். எங்கள் குழுவில் ஒரு பெண் "முடியாது" என்றாள், இரண்டே எழுத்துகளில், ஆங்கிலத்தில். ஒரு கணம் யாரும் பேசவில்லை. குழுத் தலைவன் காது சிவந்து, சரி, பத்துத் தோப்புக்கரணம் என்றான். அவ்வளவுதான். அவளைப் பிறகு யாரும் ஒதுக்கவில்லை. மகளிடம் இதை மட்டுமாவது சொல்லி அனுப்புங்கள்.

8 ஜூன்

அக்கா கேட்டது: பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதால் பின்னால் ஏதாவது வருமா?

21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வாங்குவது வழக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பையன்கள் இரண்டு ஆண்டு கட்டாயத் தேசிய சேவை (பெரும்பாலும் ராணுவத்தில்) முடித்துவிட்டு வருவதால் நிறையப் பேருக்கு 21 ஆகியிருக்கும். பெண்கள் 19இல் வருகிறோம். அதனால் பையன்களே தங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், நாங்கள் அப்பாவிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறோம். ஒரே வகுப்பு.

2014இல் நானே குழுத் தலைவியாக இருந்தேன். (முகாம் வீண் என்றவள் மறு ஆண்டே ஏன் போனாள் என்று கேட்காதீர்கள், அதற்கு வருகிறேன்.) அப்போது அந்தப் படிவங்களை அடுக்கி வைத்தது நான்தான். யாருக்கு ஆஸ்துமா, யாருக்குக் கடலை ஒவ்வாது, யார் ஹலால், யார் சைவம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மூன்று நாளும் என் வேலை தலையெண்ணுவது. கடற்கரைக்குப் போகும்போது பதினாறு, வரும்போது பதினைந்து என்றால் உயிர் போய்விடும். ஒரு தடவை அப்படி ஆனது, செந்தோசாவில் இருபது நிமிடம் ஓடித் தேடினோம், அந்தப் பையன் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், அதுதான் முகாம். பயப்பட வேண்டியதும் அதுதான், நம்ப வேண்டியதும் அதுதான்.

சைவம் என்று குறித்தவர்களுக்கு மூன்று நாளும் சைவம் வருகிறதா என்று ஒவ்வொரு வேளையும் பொட்டலத்தைத் திறந்து பார்த்தேன். இறாலுக்குப் பழிவாங்கல்.

9 ஜூன்

என் தம்பி போகவில்லை. 2018இல் சேர்ந்தான். தேசிய சேவை முடிந்து வந்தவனுக்கு முகாம் என்ற வார்த்தையே கசந்தது, "இரண்டு வருஷம் இருந்தாச்சு, போதும்" என்றான். வகுப்பு தொடங்கியபோது எல்லாரும் முகாம் குழுவாக உட்கார்ந்திருந்தார்களாம், முதல் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே தனியாகச் சாப்பிட்டு முடித்துவிடுவான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வருத்தப்பட்டாள். ஆகவே போகாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

9 ஜூன், இரவு

தம்பி இதைப் படித்துவிட்டு அழைத்துச் சண்டை போட்டான். மூன்று வாரம் இல்லையாம், ஒன்றரை வாரம். அதுவும் சோகத்தில் சாப்பிடவில்லையாம். இரண்டு வருஷம் ராணுவச் சாப்பாட்டுக்கூடத்தில் இருநூறு பேரோடு வரிசையில் நின்று சாப்பிட்டவன், தனியாக ஒரு மேசை, யாரும் கத்தாத ஒரு மதியம், அதுதான் வாழ்க்கையிலேயே நல்ல சாப்பாடு என்கிறான். பிறகு குழுப் பணி வந்தது, நாலு பேரோடு சேர்ந்தான், அந்த நாலு பேரும் முகாமுக்குப் போனவர்கள், முகாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"அம்மாகிட்ட நீயே சொல்லு, நான் சோகமா இல்லன்னு" என்றான். சொன்னேன். அம்மா நம்பவில்லை.

15 ஜூன்

சித்தி மகள் 2020இல் சேர்ந்தாள், கொரோனாவால் முகாம் ஜூமில். அவள் அனுபவம் வேண்டும் என்று ஒருவர் கேட்டதால்: "கேமராவை அணைச்சிட்டுத் துணி மடிச்சேன்." அவ்வளவுதான்.

16 ஜூன்

திருச்சி அண்ணன் மறுபடி. முகாம் ஜூலை நடுவில், மகனுக்கு மாணவர் அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம் இன்னும் கையில் இல்லை, அவசரப்பட்டு டிக்கெட்டை முன்னால் மாற்றலாமா?

மாற்றாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் வகுப்பு தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் வந்து சேர்கிறார்கள். ஜூன், ஜூலை முகாம்களில் உள்ளூர்ப் பிள்ளைகள்தான் அதிகம். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனியாக அறிமுக நிகழ்ச்சிகள் இருக்கும். தமிழ்ப் பேரவையும் இருக்கிறது, பையனுக்கு மேடை ஆசை இருந்தால் "சங்கே முழங்கு" நாடகத்துக்கு ஆள் சேர்க்கும்போது போய் நிற்கச் சொல்லுங்கள். ஒத்திகையில் கிடைக்கிற நட்பு மூன்று நாள் முகாமில் கிடைக்காது. மாதக்கணக்கில் ஒரே வசனத்தைக் கேட்டுச் சலித்துப்போனவர்கள் பிரிவதே இல்லை.

விமானம் நேரடியாக நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். நல்லெண்ணெய் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டுங்கள். இது முகாமுக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் என் அனுபவத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் பெட்டியில் கொட்டுகிறது.

22 ஜூன்

எந்த முகாம் என்பதை யாரும் கேட்கவில்லை, அதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. துறை முகாம் இருக்கிறது, விடுதி முகாம் இருக்கிறது, மாணவர் சங்கம் பொதுவாக நடத்துவது இருக்கிறது. விடுதியில் தங்கப்போகிறவருக்கு விடுதி முகாம் பயன்படும், அங்கே இருப்பவர்களோடுதான் குளியலறைக்கு வரிசையில் நிற்கப்போகிறார்கள். வீட்டிலிருந்து போய்வருகிறவருக்குத் துறை முகாம். பொது முகாமில் சந்தித்த ஆளைப் பிறகு வளாகப் பேருந்தில் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. நான் போனது பொது முகாம். அதை வைத்துக்கொண்டு எல்லா முகாமும் வீண் என்று முதல் நாளே தீர்ப்பு எழுதியது என் அவசரம்.

துறை முகாமில் இன்னொன்று. டெலிகிராம் குழுவில் சேர்த்துவிடுவார்கள். எந்தப் பாடத்தை முதல் பருவத்தில் எடுக்கக் கூடாது, எந்தப் பயிற்சி வகுப்புக்குக் காலை எட்டு மணிக்குப் போக வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முகாமுக்குப் போகாவிட்டாலும் அந்த இணைப்பைக் கேட்டு வாங்கலாம், யாரும் தரமாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.

29 ஜூன்

அக்கா, உங்கள் வீட்டுச் சமரசத்தைப் படித்தேன். பகலில் போவாள், இரவு வீட்டுக்கு வந்துவிடுவாள், அப்பா வந்து அழைத்துக்கொள்வார், பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.

முதல் பதிவில் "கடைசி ரயிலைப் பிடித்து வந்துவிட்டேன்" என்று எழுதினேன் அல்லவா, முகாம் பிடிக்காமல் வந்தது மாதிரி. அப்படியில்லை. அப்பா வரச் சொன்னார். படிவத்தில் "இரவு தங்கமாட்டார்" என்று தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு இரவும் யீஷூன் நிலையத்துப் படிக்கட்டருகே நின்றிருந்தார், மழை இல்லை, கையில் குடை. வீடு வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் இரவு மட்டும் "பசிக்குதா?" என்றார்.

இரண்டாம் நாள் காலை போனபோது குழுவே மாறியிருந்தது. முந்தின நாள் ஒருவருக்கொருவர் பெயர் தெரியாமல் கத்தியவர்கள், இப்போது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். "மைக்ரோவேவ்" என்பான் ஒருவன், பன்னிரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன மைக்ரோவேவ் என்று கேட்டேன். சொல்லிப் பார்த்தார்கள், சொல்லச் சொல்லச் சிரிப்பு குறைந்துகொண்டே போனது. ராத்திரி மூன்று மணிக்கு நடந்த எதையும் காலை ஒன்பது மணிக்கு விளக்க முடியாது.

மாண்டரின், இறால், ழ எல்லாம் உண்மைதான். ஆனால் பத்து வருஷமாக நான் குறை சொல்லிக்கொண்டிருக்கிற முகாமில் பாதியை நான் பார்க்கவே இல்லை. அதனால்தான் மறு ஆண்டு குழுத் தலைவியாகப் போனேன். அப்போது எனக்கு இருபது, இந்தத் தடவை அப்பாவைக் கேட்கவில்லை, சொன்னேன். அந்த இரவு என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமில்லை. வகுப்பறையில் தூக்கப்பையை விரித்துப் படுத்தோம், குளிர்சாதனம் உறைய வைத்தது, ஒரு பெண் தன் அம்மாவின் புற்றுநோயைப் பற்றிச் சொன்னாள், ஒருத்தி கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள், நாலு மணிக்கு யாரோ கப் நூடுல்ஸ் போட்டார்கள்.

அப்பா மேல் இப்போது கோபமெல்லாம் இல்லை. அவருக்கு ஒரு முகாம் அனுபவமும் கிடையாது, பதினாறு வயதில் வேலைக்குப் போனவர்.

இரவு தங்க வையுங்கள் என்று சொல்லவில்லை, அது உங்கள் வீட்டு விஷயம். பகலுக்கு மட்டும் அனுப்புவது நடுவழி என்று நினைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அது மூன்றாவது வழி, என் கணக்கில் மூன்றிலும் மோசமானது. முழுசாகப் போகட்டும், இல்லையென்றால் என் தம்பி மாதிரி நிம்மதியாகத் தனியாகச் சாப்பிடட்டும்.

30 ஜூன்

"மூன்றிலும் மோசமானது" என்றது கொஞ்சம் அதிகம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பகலில் மட்டும் போய்விட்டு நன்றாக இருந்தவர்களும் உண்டாம், ஒருவர் அங்கேதான் தன் கணவரைச் சந்தித்தாராம். இருக்கட்டும். எனக்கு மோசமாக இருந்தது.

27 ஜூலை

அக்காவின் செய்தி வந்தது. மகள் ஓர் இரவு தங்கினாள், இரண்டாம் இரவு அவளே அப்பாவைக் கூப்பிட்டு, களைப்பாக இருக்கிறது, வந்து அழைத்துப் போங்கள் என்றாளாம். ஒரு செருப்பு கடற்கரையில் தொலைந்துவிட்டது. மூன்று பெண்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள், வகுப்பு தொடங்கியதும் தெரியும். இரண்டு நாள் குரலே வரவில்லையாம். வாக்கோ இன்னும் ஆடுகிறார்கள், ஆனால் நாளிதழ் கொண்டுவரச் சொன்னால் பதினைந்து பேரில் ஒருவர் வீட்டிலும் நாளிதழ் இல்லையாம். கடைசியில் நீச்சல் குளத்து நுரைத்தடியால் அடித்துக்கொண்டார்களாம்.

அப்பா இன்னும் முரசு வாங்குகிறார். எங்கள் சமையலறை மூலையில் இடுப்பளவு கட்டு கிடக்கிறது. அடுத்த ஆண்டு முகாம் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் யீஷூனுக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம்.